படிக்கட்டு ஏறுறதுல தத்துவம் உண்டா? நாகர்கோவில்ல இருந்து ஒரு பதில்

நீங்க கேட்டதுல நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் சமதரையில வளந்தவர், இப்பம் வேலைக்காக நாகர்கோவில் வந்திருக்கீங்க. சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்கள்ல லீவு நாளானா பொதுப் படிக்கட்டுகளைத் தேடித் தேடி ஏறி இறங்குறவங்க உண்டு, ஏறிட்டு வந்து வாழ்க்கையைப் பத்தி எழுதுறவங்களும் உண்டு, அதையெல்லாம் படிச்சிருக்கீங்க. குமரி மாவட்டத்துல அப்படி நடக்க என்ன இருக்குன்னு ஒண்ணு, "படி ஏறுறதுல நெசமாவே தத்துவம் ஏதும் இருக்கா, இல்ல மூச்சு வாங்குறதைத்தான் தத்துவம்னு சொல்லிக்கிறாங்களா"ன்னு ஒண்ணு, கூடவே அம்மா ஊர்ல இருந்து வந்தா அவங்களைக் கூட்டிட்டுப் போகலாமான்னு ஒண்ணு. முதல் கேள்விக்கு யாரு வேணும்னாலும் லிஸ்ட் குடுப்பாங்க. நடுவுல உள்ளதுதான் நீங்க மனசார கேட்டதுன்னு எனக்குத் தோணுது, அதனால அதுக்குத்தான் அதிகமா எழுதப் போறேன்.

நான் சிவில் டிப்ளமோ படிச்சவன், இந்த மாவட்டத்துலயே வீட்டு பிளான் போட்டு, சைட் பாத்து, கொத்தனார்கள் கூடவே இத்தனை வருசம் ஓடிருச்சு. படியோட அளவு, கல்லு, வழுக்கு, கைப்பிடி இதெல்லாம் நான் சொன்னா நம்பலாம். முட்டுவலி, இதயம் பத்தி ஏதாவது சொன்னா அது கட்டடம் கட்டுறவன் பாத்த பார்வைன்னு எடுத்துக்கோங்க, டாக்டர் சொல்றதுதான் மேல. தத்துவத்துல எனக்குப் பட்டம் கிடையாது, ஆனா படிக்கட்டு போடுற வேலையில ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "இது யாருக்கு"ன்னு கேக்க வேண்டி வரும், அந்தக் கேள்வியில இருந்துதான் நான் பேசுறேன்.

உறுதியாத் தெரிஞ்சதை முதல்ல சொல்லிடுறேன். மிதிக்கிற அகலத்தை டிரெட்டுன்னும் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரத்தை ரைசர்னும் சைட்ல சொல்லுவோம். 17ம் நூற்றாண்டுல புளோந்தெல்னு ஒரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு கணக்கு எழுதி வச்சார், ரெண்டு ரைசரையும் ஒரு டிரெட்டையும் கூட்டினா ஒரு ஆளு சாதாரணமா எடுத்து வைக்கிற ஒரு எட்டோட நீளம் வரணும்னு. காலை ஒரு இஞ்ச் மேல தூக்கினா முன்னாடி வைக்கிறதுல ரெண்டு இஞ்ச் குறையும், அவர் யோசனை அவ்வளவுதான். இன்னைக்கும் உலகம் பூரா அந்தக் கணக்கைத்தான் வச்சிருக்காங்க, கூட்டினா 60ல இருந்து 65 சென்டிமீட்டருக்குள்ள வந்தா படி நல்லாருக்கும். நம்ம தேசியக் கட்டட விதியில பொதுக் கட்டடத்துக்கு ரைசர் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது, டிரெட் 30க்குக் குறையக்கூடாது. 15ம் 15ம் 30, அதோட 30, மொத்தம் 60. வீட்டுக்கு 19 வரைக்கும் ஏத்தலாம், மிதி 25 போதும், அதைக் கூட்டினா 63. ரெண்டுமே அந்த வரம்புக்குள்ளதான் வருது, ஆனா ஏறிப் பாத்தா காலுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். 15 உள்ள படியில பேசிக்கிட்டே ஏறலாம், 19 உள்ள படியில பேச்சு தானா நின்னுடும்.

இந்தக் கணக்குல ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. யாரோட எட்டு? அது நல்ல உடம்போட இருக்கிற, வளந்த ஒரு ஆம்பிளையோட எட்டு. ஆறு வயசுப் பிள்ளையோடது இல்ல, சேலையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறுற எண்பது வயசு அம்மையோடதும் இல்ல. ஒவ்வொரு படிக்கட்டும் யாரோ ஒரு ஆளை மனசுல வச்சுப் போட்டது, போட்டவருக்கே அது தெரியாம இருந்திருக்கலாம். நீங்க கேட்ட தத்துவம் எனக்குத் தெரிஞ்சவரை இங்கதான் தொடங்குது, மலை உச்சியில இல்ல.

இன்னொரு உறுதியான விஷயம், படி எல்லாம் ஒரே அளவா இருக்கணும். ரெண்டு மூணு படி ஏறினதுமே கால் அளவைப் பிடிச்சுக்கும், அப்புறம் கண்ணு வேற எங்கயோ பாக்க ஆரம்பிச்சுடும், கால் தானா ஏறும். அப்படி ஏறுற காலுக்கும் படி விளிம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல உள்ள கட்டட விதியில ஒரே வரிசையில படிக்குப் படி உயர வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்கக்கூடாது, முக்கால் இஞ்சுல பாதிதான் அனுமதி. நியூயார்க்ல புரூக்ளின் பக்கம் 36வது தெரு சப்வே ஸ்டேஷன்ல ஒரு படி மத்ததைவிட அரை இஞ்ச் போல உசந்து இருந்தது. அந்த வழியா தினமும் போற ஒருத்தர் 2012ல அங்க கேமராவை வச்சு எடுத்தார், பாத்தா ஆளு மாத்தி ஆளு அதே படியில தட்டுறாங்க, குழந்தையைத் தூக்கிட்டு வர்றவர் உள்பட. வீடியோ பரவினதும் படியைச் சரி பண்ணினாங்க.

அதுல என்னை யோசிக்க வச்சது தட்டினது இல்ல. தட்டின ஒவ்வொருத்தரும் தன் காலைத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்க, "கவனமில்லாம வந்துட்டேன்"னு நினைச்சுக்கிட்டு நாலு எட்டுல மறந்திருப்பாங்க. தனக்கு முன்னாடி போனவரும் அங்கதான் தட்டினார், பின்னாடி வர்றவரும் அங்கதான் தட்டப் போறார்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல, ஏன்னா எல்லாரும் ஒரே திசையில அவசரமாப் போறாங்க, யாரும் நின்னு பாக்கல. ஒருத்தர் நின்னு பாத்ததும் விஷயம் மாறிடுச்சு, கால்கள் மேல இருந்த குத்தம் படிக்குப் போயிடுச்சு. இதை நான் படிக்கட்டுக்கு மட்டும் வச்சுக்கிறதில்ல. ஒரு வகுப்புல பாதிப் பிள்ளைங்க ஒரே பாடத்துல தோத்தா, ஒரு ஆபீஸ்ல வர்ற ஆளு எல்லாம் ஒரே ஃபாரத்தைத் தப்பா நிரப்பினா, ஒரு வீட்டுக்கு வர்ற மருமகளுக எல்லாம் ஒரே விஷயத்துல அழுதா, முதல்ல படியைத்தான் அளந்து பாக்கணும். எல்லா விழுகையும் படியோட குத்தம்னு சொல்ல வரல, செல்போனைப் பாத்துக்கிட்டே இறங்கி விழுறவங்களையும் பாத்திருக்கேன். ஆனா அளந்து பாக்காம காலைத் திட்டுறது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குது.

மூச்சு வாங்குறதுக்கு வர்றேன். மூச்சு வாங்குறது மூச்சு வாங்குறதுதான், அதுக்கு ஞானம்னு பேரு வைக்க வேண்டாம். நடந்தா யோசனை வரும்ங்கிறதுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, 2014ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பாத்தாங்க, உக்காந்திருக்கிறதைவிட நடக்கும்போ புதுப்புது யோசனை கணிசமாக் கூடுது, சராசரியா 60 சதவீதம் கிட்ட. ஆனா ஒரே சரியான விடை உள்ள கணக்கு மாதிரி வேலைக்கு நடை உதவல, அதையும் அவங்களே சொன்னாங்க. அது சமதரையில நடந்தவங்களை வச்சு செஞ்ச சோதனை, படியேறினவங்களை வச்சு இல்ல, அதனால அந்த நம்பரைப் படிக்கட்டுக்குத் தூக்கிட்டு வரக்கூடாது. என் அனுபவத்துல ஏறும்போ பெருசா ஒண்ணும் யோசனை ஓடாது, லேண்டிங்ல, அதாவது படிவரிசைக்கு நடுவுல வர்ற சமதளத்துல நிக்கும்போதான் ஓடும். லேண்டிங் வைக்கிறதே அதுக்குத்தானோன்னு சில சமயம் தோணும், கட்டட விதி ஒரு வரிசையில இத்தனை ரைசருக்கு மேல வைக்காதேன்னு சொல்றதுக்கு விழுந்தாலும் ரொம்ப தூரம் உருளக்கூடாதுங்கிறது ஒரு காரணம், ஆனா நிக்கிறதுக்கு ஒரு இடம் கிடைக்குதுல்ல.

ஏறுற வழியும் இறங்குற வழியும் ஒண்ணேதான்னு ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முன்னாடி கிரேக்கத்துல ஹெராக்ளிடஸ் சொல்லிட்டுப் போனார்னு படிச்சேன். அவர் வேற எதையோ ஆழமா நினைச்சு சொல்லியிருப்பார், அதை மறுக்குற படிப்பு எனக்கில்ல, ஆனா படிக்கட்டைப் பொறுத்தவரை அது ஒண்ணு இல்லவே இல்ல. ஏறும்போ இழுக்கிறது மூச்சு, இறங்கும்போ அடி வாங்குறது முட்டு. ஏறும்போ தடுக்கினா கையை முன்னாடி ஊனிக்கலாம், விழுந்தாலும் படி பக்கத்துலதான் இருக்கு. இறங்கும்போ தவறினா முன்னாடி ஒண்ணுமே இல்ல. படிக்கட்டுல பெரிய அடி படுறது அதிகமும் இறங்கும்போதான், அதுலயும் முதல் படியிலயும் கடைசிப் படியிலயும்தான் கூடுதல். ஆனா நாம பேசுறது, பாடுறது, போட்டோ போடுறது எல்லாம் ஏறுறதைப் பத்தி. பதவியில இருந்து இறங்குறது, வயசுல இறங்குறது, வீட்டுப் பொறுப்பைப் பிள்ளைங்க கையில குடுத்துட்டு இறங்குறது, இதுக்கெல்லாம் யாரும் கைப்பிடி வச்சுத் தர்றதில்ல. மலையில இறங்கிப் பழகினவங்களைக் கவனிச்சுப் பாருங்க, நேரா இறங்க மாட்டாங்க, உடம்பைக் கொஞ்சம் சாய்ச்சு, பாதத்தைக் குறுக்கா வச்சு, அவசரமே இல்லாம இறங்குவாங்க.

இனி இடங்கள். திருவள்ளுவர் சிலை பீடத்துக்குள்ள உள்ள படிகளை எல்லாருமே சொல்லுவாங்க, 38 அடி பீடம், அதுக்கு மேல 95 அடி சிலை, மொத்தம் 133, பாதம் வரைக்கும் ஏறிப் போகலாம். 2024 டிசம்பர் கடைசியில விவேகானந்தர் பாறையில இருந்து கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிடுச்சு. ஒரு தடவை போங்க, ஆனா நீங்க கேக்குற மாதிரி நடைக்கு அது சரிப்படாது, பின்னாடி ஆளு நெருக்கிக்கிட்டே வரும். பொத்தையடி பக்கம் மருந்துவாழ்மலை காலையில போக நல்லது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்போ விழுந்த துண்டுதான் இதுங்கிறது நம்பிக்கை, நாராயண குரு அங்க குகையில தவம் இருந்தார்ங்கிறது வரலாறு, மூலிகை இருக்குங்கிறது இன்னைக்கும் கண்ணால பாக்கக்கூடியது. மூணையும் ஒண்ணாக் கலந்து சொல்லுவாங்க, நீங்க பிரிச்சு வச்சுக்கிட்டா மலை இன்னும் நல்லாருக்கும். வெயில் ஏறினா பாறை கொதிக்கும், எட்டு மணிக்குள்ள இறங்கிடுங்க.

நான் முதல்ல போகச் சொல்றது சிதறால். மார்த்தாண்டத்துக்குப் பக்கம், பஸ்ஸும் உண்டு. மலைமேல பாறையில சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், 9ம் நூற்றாண்டுல ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு, பின்னாடி அதுவே பகவதி கோயிலாவும் ஆச்சு. கல்வெட்டுல பொன் நகை குடுத்ததாச் சொல்லியிருக்கிறது ஒரு சமணப் பெண் துறவி, குரத்தியர்னு அவங்களைச் சொல்லுவாங்க. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளை அந்த மலை ஏறிப் போயி தன் பேரைக் கல்லுல பதிய வச்சிருக்காங்க. இப்பம் நாம நடக்கிற பாவின பாதை இந்தக் காலத்து வேலை, ஆனா ஏத்தம் ரொம்ப மெதுவானது, சரிவும் படியும் மாறி மாறி வரும், ரெண்டு பக்கமும் மரம். அந்தப் பாதையில போட்டவங்களோட மனசு தெரியும், யாரும் பாதியில திரும்பிடக் கூடாதுன்னு நினைச்சுப் போட்ட மாதிரி இருக்கும். மேல போனதும் ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு ஆளு நுழையுற சந்து, அதுக்குள்ள படி இறங்கித்தான் சிற்பங்கள்கிட்டப் போகணும். இவ்வளவு ஏறி வந்தவனைக் கடைசியில இறங்கித்தான் உள்ள வான்னு சொல்ற இடம் இந்த மாவட்டத்துல எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 1966ல கட்டினது, 115 அடி உயரத்துல ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்குப் பட்டணங்கால்ங்கிற கால்வாயோட தண்ணியைக் கொண்டு போகுது, கீழ பறளியாறு. எல்லாரும் மேல நடந்து போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. நீங்க ஆத்துக்கு இறங்குற படியில இறங்கிட்டு மறுபடி ஏறுங்க. மேல நிக்கும்போ அது ஒரு பாலம், கீழ போயி தூணோட அடியில நின்னு நிமிந்து பாத்தாத்தான் வயலுக்குத் தண்ணி கொண்டு போக எவ்வளவு உயரத்துல எத்தனை ஆளு நின்னு வேலை பாத்திருக்கணும்னு தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனையில மந்திரசாலைக்கு, அதாவது ராஜா மந்திரிகளோட ஆலோசனை பண்ணின அறைக்கு ஏறுற மர ஏணிப்படியை ஏறினவங்க மறக்க மாட்டாங்க, செங்குத்து, குறுகல், ஒரு நேரத்துல ஒருத்தர்தான். எதிரி கூட்டமா ஏற முடியாம இருக்கத்தான் அப்படிப் போட்டதுன்னு சொல்லுவாங்க. இருக்கலாம், ஆனா கேரளத்துலயும் இங்கயும் பழைய மரவீட்டுல எல்லாம் மச்சுக்குப் போற படி அப்படித்தான் இருக்கும், இடம் மிச்சம், மரம் மிச்சம், அதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன். எதுவா இருந்தாலும் மந்திரியும் தலை குனிஞ்சு, கையை ஊனித்தான் ஏறியிருக்கணும்.

சுசீந்திரத்துக்குத் தனியா ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. தாணுமாலயன் கோயில் தெப்பக்குளத்துப் படியில உக்காந்தா எழுந்து வர மனசு வராது. ஆனா அங்க உக்காரும்போ இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்கணும். 1926ல அந்தக் கோயிலைச் சுத்தியுள்ள தெருவுல நடக்கிற உரிமைக்காகவே போராட்டம் நடந்துச்சு, கோயிலுக்குள்ள போறதுக்கு இல்ல, தெருவுல நடக்கிறதுக்கு. அப்பம் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்ல இருந்துச்சு. 1936 நவம்பர் 12ல மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் போட்ட பிறகுதான் கோயில் படி எல்லா இந்துக்களுக்கும் திறந்துச்சு. நவம்பர் 11ம் தேதி ராத்திரிக்கும் 12ம் தேதிக்கும் நடுவுல கல்லுல ஒரு மாத்தமும் இல்ல, அதே ரைசர், அதே டிரெட். அதுக்கும் நூறு வருசத்துக்கு முன்னாடியே சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் எல்லாச் சாதிக்காரங்களும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும்னு முத்திரிக் கிணறு வெட்ட வச்சார். ஆக, நான் மேல எழுதின சென்டிமீட்டர் கணக்கு பாதிதான். எவ்வளவு நல்ல அளவுல படி போட்டாலும், மேல நிக்கிறவன் "நீ ஏறாதே"ன்னு சொன்னா அது படி இல்ல, சுவர். பொதுப் படிக்கட்டுன்னு நாம இப்பம் சாதாரணமாச் சொல்ற அந்த "பொது"வை இங்க அடி வாங்கித்தான் சம்பாதிச்சாங்க. குமரி மாவட்டத்துல படிக்கட்டு நடை போறவங்க இதைத் தெரியாம போனா, பாதி நடைதான் நடந்த மாதிரி.

இந்த ஊர்ல படியைச் சரியா அளக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டா, நான் என்ஜினியர்களைச் சொல்ல மாட்டேன், தலையில மீன் சுமந்து விக்கிற அக்காமாரைத்தான் சொல்லுவேன். கடற்கரையில இருந்து ஏறி வந்து, மேட்டுல உள்ள வீடுகளுக்குப் படி ஏறிப் போறவங்க. தலையில சுமை இருந்தா குனிஞ்சு காலைப் பாக்க முடியாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது. பாதத்தோட முன்பக்கத்தால படி விளிம்பை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் முழு எடையையும் வைப்பாங்க, நின்னு பாத்தா அந்தத் தொடல் தெரியும், ரொம்ப லேசா, அரை நொடிகூட இருக்காது. ஒரு வீட்டுப் படியை நான் சரியாப் போட்டிருக்கேன்னு நினைச்சு நின்னப்போ, மீன் கொண்டு வந்த ஒரு அக்கா மூணாவது படியில கால் வச்சதும், "கொத்தனாரு இங்க காப்பி குடிக்கப் போயிட்டாரோ"ன்னாங்க. டேப்பை வச்சு அளந்தா அந்தப் படி ஒரு விரல் கூடுதல், தரை ஓடு பதிச்ச ஆளு கலவையைக் கூட்டிப் போட்டிருந்தார். அதுக்கப்புறம் நான் எந்தப் படியையும் கண்ணால பாத்து ஓகே சொல்றதில்ல, ஓடு பதிச்ச பிறகு ஒரு தடவை அளக்கச் சொல்லுவேன்.

அந்தக் காலத்துல ரோட்டோரம் சுமைதாங்கி போட்டாங்க, நம்ம பக்கம் பழைய வழிகள்ல இன்னும் சிலது நிக்குது. ரெண்டு கல்லு நட்டு குறுக்கே ஒரு கல்லு. அதோட உயரம்தான் விஷயம், யாரோட உதவியும் இல்லாம தலைச்சுமையை நேரா அதுமேல தள்ளி வைக்கலாம், மறுபடி யாரோட உதவியும் இல்லாம தலைக்கு எடுத்துக்கலாம். பிள்ளை வயித்துல இருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்காக வீட்டுக்காரங்க சுமைதாங்கி போடுற வழக்கம் தமிழ்நாட்டுல பல இடத்துல உண்டு, இறக்கி வைக்காமலே போயிட்டாளேங்கிற துக்கத்துல. துக்கத்தை இப்படி முகம் தெரியாத ஆளுக்கு உபயோகப்படுற ஒரு கல்லா மாத்தினதைவிடப் பெரிய அன்றாடத் தத்துவம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நீங்க நடந்து போற வழியில ஒண்ணைப் பாத்தா கை வச்சுப் பாருங்க, மேல்பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கும்.

வெளியூர்க் கதையில இருந்து நம்ம ஊருக்கு உபயோகமானது ரெண்டு உண்டு. பிட்ஸ்பர்க்ல கிட்டத்தட்ட 800 வரிசைப் பொதுப் படிக்கட்டு இருக்கு, அதுல பலது நகராட்சிக் கணக்குல தெருவாவே பதிவானது. வீடு மலைச்சரிவுல, இரும்பு ஆலை ஆத்தோரம் கீழ, தொழிலாளி அந்தக் காலத்துல ஷிப்டுக்கு இறங்கி ஏறின வழிதான் அந்தப் படி. நம்ம கல்குளம், விளவங்கோடு பக்கமும் அதே அமைப்புதான், வீடு விளைன்னு சொல்ற மேட்டுத் தோட்டத்துல மேல, ஏலான்னு சொல்ற வயலும் ரோடும் கீழ, நடுவுல ரப்பர் மரத்துக்கு இடையில செம்மண்ணை வெட்டிப் போட்ட படி. ஆனா இங்க அது யாரோ ஒருத்தர் பட்டா நிலத்துல கிடக்கும், ஒரு மதில் எழும்பினா ஒரு வழி போச்சு. பதிவுல தெருன்னு எழுதி வச்சா அந்த வழி பிழைச்சுக்கும். இன்னொண்ணு ரோம்ல உள்ள ஸ்பானிஷ் படிகள், 135 படி, 1725ல முடிச்சது, 2019ல இருந்து அதுல உக்காந்தா அபராதம். கல்லைக் காப்பாத்தணும்ங்கிற அவங்க கவலை நியாயமானதுதான், ஆனாலும் எனக்கு அது சம்மதமில்ல. படி ஏறுறதுக்கு மட்டும் இல்ல. இங்க கோயில் குளத்துல, சர்ச்சு முன்னாடி, சானல்னு நாங்க சொல்ற கால்வாயோட கரைப் படித்துறையில எல்லாம் சாயங்காலம் ஆளுவ உக்காந்திருக்கிறதைப் பாருங்க, மேல்படியில உக்காந்தவனும் கீழ்ப்படியில உக்காந்தவனும் ஒரே தண்ணியைத்தான் பாக்கிறாங்க. காசு குடுக்காம, காரணம் சொல்லாம உக்காரக்கூடிய இடம் ஊர்ல குறைஞ்சுக்கிட்டே வருது.

படிக்கட்டைப் புகழ்ந்தே எழுதிட்டா அதுவும் ஒரு பொய்யாயிடும். சக்கர நாற்காலியில வர்றவருக்கு மூணு படியும் முந்நூறு படியும் ஒண்ணுதான். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் எல்லாருக்கும் ஏறக்கூடியதா இருக்கணும்னு சொல்லுது. சாய்தளம் வைக்கிற கணக்கு ஒண்ணுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு மீட்டர் ஏறணும்னா 12 மீட்டர் நீளம் வேணும். நம்ம ஊர்ல பல இடத்துல மூணு மீட்டர்ல முடிச்சுடுறாங்க, அதுல தனியா ஒருத்தர் ஏற முடியாது, பின்னாடி தள்ளுறவருக்கே வழுக்கும், பைக்கை உள்ள ஏத்துறதுக்குத்தான் அது உதவுது. இன்னொரு கொடுமை, நல்லா கொத்தின கருங்கல் படியை எடுத்துட்டு, பாக்க அழகா இருக்கும்னு பாலிஷ் கிரானைட் ஒட்டுறது. நம்ம மாவட்டத்துல தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், வருசத்துல பாதி நாள் படி ஈரம். கல்லுப்படி வருசக்கணக்குல மிதிபட்டு வழவழப்பானா அம்மிக்குக் கொத்துற மாதிரி மறுபடி கொத்தி விடணும், அதுக்கு ஆளு இப்பமும் கிடைக்கும், செலவும் குறைவு.

நடக்கப் போகும்போ ஒரு சின்ன டேப் பையில வச்சுக்கோங்க, எங்கயாவது கால் தட்டினா ரைசரை அளந்து பாருங்க, பழகிட்டா அதுவே பெரிய ருசி. மழைக்கு மறுநாள் குளத்துப் படி, சானல் படி வேண்டாம், பாசி கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் அடி உள்ள செருப்பு போதும், கோயில்ல கழட்ட வேண்டி வரும்ங்கிறதால ஷூ தொந்தரவு. பேச்சிப்பாறை அணைத் தண்ணி திறந்து விட்ட நேரம் சானல்ல கடைசிப் படி முங்கியிருக்கும், அதுல கால் வைக்க வேண்டாம்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா. முட்டுவலி இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சிதறால்ல இருந்து ஆரம்பிங்க, மருந்துவாழ்மலை வேண்டாம். அவங்க வேகத்துக்கு நடங்க, அவங்க நிக்கச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க நில்லுங்க, நிறைய அம்மாமாருக்கு "நில்லு"ன்னு கேக்கக் கூச்சமா இருக்கும். கைப்பிடி உள்ள பக்கத்தை அவங்களுக்கு விடுங்க, கையைப் பிடிச்சு இழுக்க வேண்டாம், அவங்க உங்க தோளைப் பிடிச்சுக்கட்டும், எப்பம் விடணும்னு அவங்களே முடிவு பண்ணலாம். ஏறும்போ நீங்க ஒரு படி பின்னாடி வாங்க. இறங்கும்போ ஒரு படி முன்னாடி இறங்குங்க.